ரெண்டு கண்ணும் வெச்சாச்சுங்க

வாங்க சார், வாங்க. அந்த நாயப் பாத்துப் பயப்படாதீங்க, கொலைக்கறதோட அதுக்குச் சோலி முடிஞ்சுது. இப்படி நெழலுக்கு வாங்க. மெட்ராஸ்ல இருந்து நேரா வர்றீங்களா? காப்பியா, மோரா? ஊட்டுல அம்முணி இல்லீங்க, பஜனை மடத்துக்குப் போயிருக்குறா. இப்ப வந்துருவா. மோரு நானே ஊத்தித் தர்றேன், அதெல்லாம் எனக்கு வரும்.

உங்களுக்குப் போன் பண்ணுனது அவதானுங்களே? ருக்குமணி, என்ற சம்சாரம். எனக்கே நேத்துத்தான் சொன்னா. "பழைய ரேஸ் வண்டிகளப் பத்திப் புஸ்தகம் எழுதறவரு நாளைக்கு வர்றாரு, வண்டியப் பாக்கோணுமாம்" அப்படீன்னா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. என்ற வண்டியப் பத்தி ஒரு நல்ல வார்த்தை பேசாதவ, உங்களத் தேடிப் புடிச்சுப் போன் பண்ணிருக்கறான்னா என்ன அர்த்தம்? மனசு மாறிட்டான்னுதானே அர்த்தம்?

இருங்க, துணிய எடுத்தர்றேன். அந்த முனையக் கொஞ்சம் புடிங்க. மெல்ல, மெல்ல, உரசாம. ம். இப்பப் பாருங்க.

எப்படி? அம்பத்தெட்டு மாடல் பியட். பெயிண்டுல உங்க மூஞ்சி தெரியுதுங்களா? கம்பெனியில இருந்து எந்த நெறத்துல வந்துச்சோ அதே நெறம். வைப்பர் ரப்பர் மொதக்கொண்டு ஒரிஜினல். தொட்டுப் பாக்கலாமுங்க, பரவால்ல. அப்பறம் நான் தொடச்சுக்கறேன்.

என்னங்க, வண்டிக்குப் பின்னால எதைத் தேடறீங்க? என்ன கேட்டீங்க?

ஒத்தக்கண்ணன் எங்கயா? இதுதானுங்க ஒத்தக்கண்ணன். ரெண்டு கண்ணும் வெச்சாச்சுங்க.

உக்காருங்க, உக்காருங்க. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சே. வெய்யில்ல வந்தது. அந்த மோரக் குடிங்க மொதல்ல.

ஒத்தக்கண்ணங்கற பேரு உங்க வரைக்கும் வந்திருக்குதுன்னா, என்ற மாமனார் செஞ்ச அட்டூழியம் எத்தனை தூரம் பரவிருக்குது பாருங்க. அவரு பேரு கிட்டுச்சாமி. பம்பு கிட்டுச்சாமின்னாத்தான் இந்தச் சிங்காநல்லூர்ப் பக்கம் தெரியும். பவுண்டரி வெச்சு மோட்டார் பம்பு ஊத்திக்கிட்டிருந்தாரு. நல்ல மனுசனுங்க, அதுல மாத்தமில்ல. ஆனா அவரு கையில ஒரு சாமான் சிக்குச்சுன்னா அது இருந்தபடி இருக்காது. புதுசா வாங்குன பியட்டு, நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி, அத ஒரு நாளு பவுண்டரிக்குள்ள ஏத்தி, ரம்பத்தப் போட்டுக் கூரைய அறுத்துட்டாரு. கூரையிங்க! கேட்டா, ரேஸுக்குப் பாரம் கொறையோணுமாம். கதவு போச்சு. பின் சீட்டு போச்சு. கனமான தகரத்த எல்லாம் எடுத்துட்டு அலுமினியத் தகட்டச் சுத்தியில தட்டித் தட்டி மூஞ்சி பண்ணுனாரு. அடி வாங்குன சட்டியாட்ட இருக்கும். என்ஜின் மண்டைய அவரே ஊத்துனாரு, பம்பு ஊத்தற அதே மணல்ல. எண்ணெயக் குளுத்தறதுக்குச் செப்புக் குழாயச் சுருட்டி மூக்குக்குள்ள வெச்சாரு. இதுக்கெல்லாம் ஒரு படம் உண்டா, ஒரு அளவு உண்டா? எல்லாம் மண்டைக்குள்ள.

நான் மில்லுல பர்ச்சேஸ் மேனேஜரா இருந்து ரிடையர் ஆனவனுங்க. ஆர்டர்ல என்ன போட்டிருக்குதோ அதுதான் வரோணும். வரலீன்னா லாரியத் திருப்பி அனுப்பு. அப்படி வளந்த கண்ணுக்கு இதெல்லாம் எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

சோழவரம் ரேஸு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. சண்டைக் காலத்துல ஏரோப்ளேன் எறங்கறதுக்குப் போட்ட ரோடு. அங்க பெரிய எடத்துப் புள்ளைங்க எல்லாம் கப்பல்ல வந்து எறங்குன வண்டிகளோட நிப்பாங்க. அவிய மத்தியில இவரு இந்த அலுமினியச் சட்டியக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கறாரு. கூட ஆரு? ருக்குமணி. அப்ப அவளுக்குக் கல்யாணம் ஆகல. பொம்பளப் புள்ளைய ரேஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போறதான்னு ஒறம்பரையெல்லாம் பேசுனாங்களாம். அவரு காதுல போட்டுக்கல. ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறதுக்கு ஒரு கை வேணுமில்லீங்களா, அதுக்குத்தான்.

மொத நாளு ஓட்டிப் பாக்கறப்ப வண்டி கொஞ்ச நேரம் பறக்குதாம், அப்பறம் மூச்சு வாங்குதாம், நின்னுக்குதாம். பானெட்டுக்குள்ள ஒரே கொதி. கார்பரேட்டருக்குப் போற காத்து அடுப்புக் காத்தா இருந்தா அது என்ன பண்ணும்? மறுநாளு ரேஸு. திடீர்னு பாத்தா வண்டியில ஒரு ஹெட்லைட்டக் காணோம். அந்த ஓட்டை வழியா, பம்புக்கு மாட்டற சக்ஷன் ஓசு, தண்ணி உறிஞ்சற ரப்பர்க் குழாயி, இருக்குது பாருங்க, அத உட்டு, நேரா கார்பரேட்டர் வாயில மாட்டியாச்சு. வண்டி ஓட ஓட வெளிக் காத்து குளுகுளுன்னு உள்ள போவுது. அன்னைக்குக் கடைசிச் சுத்துல, கப்பல்ல வந்த வண்டிய எல்லாம் பின்னால உட்டுட்டு இந்தச் சட்டி மொதல்ல வந்துருச்சு. சனமெல்லாம் "ஒத்தக்கண்ணா, ஒத்தக்கண்ணா"ன்னு கத்துனாங்களாம். அப்படி வந்த பேருதான்.

லைட்டக் கழட்டுனது ஆருன்னு கேக்கறீங்களா? ருக்குமணின்னு மாமனார் சொல்லுவாரு. நான் பொண்ணுப் பாக்கப் போன அன்னைக்கே சொன்னாரு. "அந்த ஓட்டை என்ற அம்முணியோட ரோசனைங்க மாப்ள"ன்னு. பொண்ணக் கட்டிக் குடுக்கறவங்க, தட்டுல இருக்கற பலகாரமெல்லாம் பொண்ணே சுட்டதுன்னு சொல்றதில்லீங்களா? அந்தக் கணக்குல எடுத்துக்கிட்டேன். பலகாரமும் அவ சுட்டதில்லைங்கறது அப்பறந்தான் தெரிஞ்சுது, அது வேற கதை.

அன்னைக்கு இன்னொண்ணும் நடந்துச்சுங்க. எங்களுக்கு மரியாதை பண்றேன்னு மாமனாரு பவுண்டரிக்குள்ள போயி அந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு. என்ற கையில இருந்த காப்பி டம்ளரு ஆடுது. எங்கம்மா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. பொண்ணு மட்டும் தலையக் கொஞ்சம் சாச்சு, கேட்டுட்டு, "மூணாவது பிளக்கு சரியில்லீங்கப்பா"ன்னா. எங்க சைடு ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நான்தான் சின்னப் புள்ள வெளையாட்டுன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

சிரிக்கறீங்களே! சிரிங்க, சிரிங்க.

எனக்கு ரேஸு புடிக்காதுன்னு நெனச்சுக்காதீங்க. ரிடையர் ஆனப்பறம் நான் படிச்ச மாதிரி இந்த ஊருல ஆரும் படிச்சிருக்க மாட்டாங்க. மோட்டார் வண்டிக்கு ரேஸுதானுங்க பள்ளிக்கூடம். ஜாகுவார்க்காரன் அம்பத்தி மூணுல பிரான்சு ரேஸுக்கு டிஸ்க் பிரேக்கு போட்டுக்கிட்டுப் போனான். மத்தவனெல்லாம் வளைவுக்கு எத்தனையோ முன்னாலயே பிரேக்க மிதிக்கறான், இவன் கிட்ட வந்து மிதிக்கறான். ஜெயிச்சான். இன்னைக்கு உங்க வண்டியில இருக்கற பிரேக்கு அந்த வழியில வந்ததுதான். அமெரிக்காவுல ஒருத்தன், ரொம்ப முன்னால, ஆயிரத்தித் தொள்ளாயிரத்திப் பதினொண்ணாம் வருஷத்துல. அப்பெல்லாம் ரேஸ் வண்டியில பக்கத்துல ஒரு மெக்கானிக் உக்காந்து, பின்னால ஆரு வர்றாங்கன்னு திரும்பிப் பாத்துச் சொல்லோணும். இவன் அந்த ஆள எறக்கி உட்டுட்டு, ஒரு கண்ணாடிய மாட்டிக்கிட்டு, தனியாப் போயி ஜெயிச்சுட்டான். என்னா மூளை பாருங்க! இந்தக் கதைய நான் ருக்குமணிக்கு எத்தனையோ வாட்டி சொல்லிருக்கறேன். சாப்பாடு போடறப்ப எல்லாம் சொல்லுவேன்.

எல்லாத்தையும் உட எனக்குப் புடிச்சது கூப்பர் கதைங்க. இங்கிலாந்துல ஒரு சின்ன ஒர்க்ஷாப்பு. ஒரு அப்பனும் மகனும். கையில காசு கெடையாது. ரெண்டு பழைய வண்டியோட முன்பக்கத்த வெட்டி ஒட்டி, மோட்டார் சைக்கிள் என்ஜின முதுகுப் பக்கம் வெச்சு ஒரு ரேஸ் வண்டி பண்ணுனாங்க. பெரிய கம்பெனிக்காரனெல்லாம் பாத்துச் சிரிச்சான். கொஞ்ச வருஷத்துல, சிரிச்சவனெல்லாம் என்ஜினப் பின்னால தூக்கி வெச்சுட்டான். அவிய வெட்டி ஒட்டுன பழைய வண்டி என்னன்னு தெரியுங்களா? பியட்டு! அதப் படிச்சப்ப எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சுங்க. அப்பனும் பெத்ததும் சேந்து நின்னு, இருக்கறத வெட்டி, இல்லாதத உண்டாக்கறது, அதெல்லாம் எப்பேர்ப்பட்ட விசயம்! நம்மூர்ல அப்படி ஒருத்தர் இல்லாமப் போயிட்டாங்களேன்னு வருத்தமா இருக்குமுங்க.

என்னங்க, இருமறீங்க? மோருல இஞ்சி எச்சாப் போச்சா?

சரி, விசயத்துக்கு வர்றேன். மாமனாரு காலமானப்பறம் வண்டி பவுண்டரி ஷெட்டுல தார்ப்பாயப் போத்திக்கிட்டு நின்னுச்சு. நான் ரிடையர் ஆனதும், இத ஒரு வழி பண்றேன்னு எறங்குனேன். ருக்குமணிக்குத்தான் எத்தனை சந்தோசம்! "நெசமாவா, நெசமாவா"ன்னு கேட்டா. மெக்கானிக்கு மருதாசலத்தக் கூட்டியாந்தேன். ஒவ்வொண்ணாக் கழட்டுனேன். அலுமினியத் தகடெல்லாம் எடுத்துட்டுக் கம்பெனி பானெட்டு. மாமனாரு ஊத்துன மண்டைய எடுத்துட்டுக் கம்பெனி என்ஜினு. அப்பறம் கியர் பாக்ஸு, ஸ்டியரிங்கு. உடுமலையில ஒரு டாக்டரு ஊட்டுல இதே மாடலு பியட்டு சும்மா நின்னுச்சு, அத வாங்கி அதுல இருந்து எடுத்து எடுத்து மாட்டுனேன். கடைசியில பாத்தா அறுத்த பாடி ஓடு ஒண்ணுதான் மிச்சம். அதையும் எடுத்துப் போட்டுட்டு டாக்டரு வண்டியோட கூட்டையே வெச்சாச்சு. சார், நான் பெருமைக்குச் சொல்லல, இன்னைக்கு இந்த வண்டியில என்ற மாமனாரு கை பட்டது ஒரு திருகாணி கூடக் கெடையாது. அத்தனை சுத்தம்.

கழட்டுனதெல்லாமா? உக்கடத்துப் பழைய இரும்புக்கடைக்குத்தான். மருதாசலந்தான் லோடு லோடா ஏத்திக்கிட்டுப் போவான். ருக்குமணி கூட ஒரு நாளு கேட்டா. "அதையெல்லாம் எங்க போடறீங்க?"ன்னு. உக்கடத்துக்குன்னேன். கழட்டி வெச்ச தகட்ட முந்தானையில ஒரு வாட்டி தொடச்சா. அப்பறம், "எல்லாத்தையும் மருதாசலத்துகிட்டயே குடுங்க, வேற ஆருகிட்டயும் குடுக்காதீங்க"ன்னா. பாத்தீங்களா, ஊடு சுத்தமா இருக்கோணும்னு அவளுக்கு அத்தனை அக்கறை.

போன வருஷம் பழைய வண்டிங்க ராலியில வண்டிக்குக் கப்பு வாங்குனேன். நல்லாப் புதுப்பிச்ச வண்டின்னு. நடுவரு சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டு, "கம்பெனியில இருந்து நேத்து எறங்குன மாதிரி இருக்குதுங்க"ன்னாரு. ஊருல இருக்கறவங்க எல்லாம் கை தட்டறாங்க. என்ற சம்சாரம் வர்ல. கப்பக் கொண்டாந்து குடுத்தா, தொடச்சு, செல்புல, ஊறுகாய் ஜாடி பக்கத்துல வெச்சுட்டா.

இதுதானுங்க எனக்குக் கொறை. வேற ஒண்ணுமில்ல. இந்த வண்டி ரெடியாகி இத்தனை நாளாச்சு, ஒரு வாட்டி கூட ருக்குமணி இதுல ஏறி உக்காந்ததில்ல. கோயிலுக்குப் போலாம் வான்னா, பஸ்ஸுல போறா. கல்யாணத்துக்குக் கூப்புட்டா, ஆட்டோவக் கூப்புடறா. ஏன் அம்முணின்னு கேட்டா, "அதுல எனக்கு எடமில்லீங்க" அப்படீங்கறா. நாலு பேரு தாராளமா உக்கார்ற வண்டிங்க! முன்னால அவ, பின்னால அவ அக்கா தங்கச்சி எல்லாமே உக்காரலாம். எடமில்லையாம்.

நாளைக்கு ஞாயித்துக்கெழமை, இந்த வருஷத்து ராலி. புருசனும் பொண்டாட்டியும் சேந்து உக்காந்து வரோணும்னு புதுசா ஒரு கப்பு வெச்சிருக்கறாங்க. எனக்கு வேட்டி எடுத்தாச்சு, அவளுக்குப் பட்டுச் சேலை எடுத்தாச்சு, பெட்டியப் பிரிக்காம வெச்சிருக்குறா. கப்புக் கெடக்குது சார், கப்பு ஆருக்கு வேணும். ஊரு பாக்க என்ற பக்கத்துல அவ உக்காந்து வரோணும். வயசாகுது பாருங்க. ஒரு தடவையாவது. அதுதான் எனக்கு ஆசை. நீங்க புஸ்தகம் எழுதறவரு, மெட்ராஸ்காரரு, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா. சொல்லுவீங்களா?

கோபமெல்லாம் இல்லீங்க அவளுக்கு. பக்தி எச்சாயிருச்சு, அவ்வளவுதான். சனிக்கெழமை ஆனா பஜனை மடம். முன்னெல்லாம் கோயில்ல அஞ்சு நிமிசம் நிக்க மாட்டா, இப்பக் காலையில போனா பொழுதோடதான் வர்றா. வர்றப்பப் பாத்தா நகமெல்லாம் கருப்பு, கையில ஒரு எண்ணெ வாசம். மடத்துல வெளக்கெல்லாம் இவதான் தொடைக்கறாளாம். பாவம். மருதாசலமும் திடீர்னு பக்தனாயிட்டான், சனிக்கெழமை வேலைக்குக் கூப்புட்டா பஜனைங்கறான். அவன் வாயில பீடியத் தவர வேற எதையும் நான் பாத்ததில்ல. மடமும் அவன் ஷெட்டுப் பக்கந்தானாம், வசதியாப் போச்சு.

ஆனா ஒண்ணு, என்ற சகவாசம் வீண் போகலீங்க. போன வாரம் சோறு போட்டுக்கிட்டே, "கார்பரேட்டர்ல ஜெட்டு சின்னதா இருந்தா மேட்டுல திணறத்தாங்க செய்யும்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. பாருங்க! நான் படிக்கறதக் காத்துவாக்குல கேட்டுக் கேட்டு ரெண்டு வார்த்தை ஒட்டிக்கிச்சு. மனசுக்குள்ள பூரிச்சுப் போனேன்.

இன்னைக்குக் காலையில மட்டும் எனக்கு ஒண்ணு புரியலீங்க. மடத்துக்குக் கெளம்பறப்ப எலுமிச்சம்பழம் எடுத்துக்கிட்டா. மாலை கட்டறதுக்குன்னா ஒரு கூடை வேணும். இவ எண்ணி நாலே நாலு எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. ஒரு பூசணிக்காயும் ஆட்டோவுல ஏறுச்சு. நாலு எலுமிச்சம்பழத்துல எந்தச் சாமிக்கு மாலை கட்டறது? வண்டிக்குப் பூசை போடறவன்தானே நாலு சக்கரத்துக்கும் நாலு வெப்பான்?

ஏனுங்க, இப்படிச் சிரிக்கறீங்க? மோரு பொரையேறப் போகுது, பாத்து.

இருங்க. அது என்ன சத்தம்?

லாரி இல்லீங்க. நாயப் பாருங்க, கொலைக்கறத நிறுத்திருச்சு. இந்தச் சத்தத்த நான் எங்கயோ... சார், உங்க கையில டம்ளரப் பாருங்க. ஆடுது. மோரு ஆடுது.

கேட்டத் தொறக்கறது ஆரு, மருதாசலமா? டேய், பஜனைக்குப் போகலியாடா நீ?

அய்யோ. அம்முணி!

சார், பாத்தீங்களா? ஓட்டறது ருக்குமணிங்க. சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு. கூரையில்லாத வண்டியில. அந்த அலுமினிய மூஞ்சி, அந்த நெளிசல், அது நான் கழட்டி உக்கடத்துக்கு அனுப்புனதாச்சே! அந்தச் செப்புக் குழாயி, அது நான் ரெண்டாவது லோடுல போட்டது. அந்த அறுத்த ஓடு! முன்னால ஒரு லைட்டு, ஒரு ஓட்டை. டேய் மருதாசலம், ஒண்ணு கூடவா கடைக்குப் போகல? சக்கரத்துல எல்லாம் எலுமிச்சஞ்சாறு.

சார், எங்க ஓடறீங்க? என்ற வண்டிய நீங்க உள்ள பாக்கவே இல்லியே! சரி, போங்க. நீங்க இதுக்குத்தான் வந்திருக்கறீங்க. அதுக்குத்தான் அவ கூப்புட்டிருக்குறா.

அவ மூஞ்சியப் பாருங்க. நெத்தியெல்லாம் கிரீஸு. கல்யாணத்தன்னைக்குக் கூட இவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லீங்க. 

என்ன அம்முணி? நாளைக்கு ராலிக்கு இதுல போறியா? போ, ஆரு வேண்டாம்னா. பக்கத்துல ஆரு? நானா?

கேட்டீங்களா சார், என்னைய ஏறச் சொல்றா. அவ பக்கத்துல நான் உக்காரோணுமாம். எடம் பண்ணி வெச்சிருக்குறாளாம். அந்தச் சீட்டு மாமனாரு கூடப் போறப்ப அவ உக்காந்த சீட்டாமுங்க.

அம்முணி, எல்லாம் சரி, ஒண்ண மறந்துட்டியே. பின்னால பாக்கற கண்ணாடி மாட்டலியே? நான் கழட்டிக் குடுத்ததுல அதும் இருந்துச்சே.

என்ன சொல்றா தெரியுங்களா? வேணும்னேதான் மாட்டலியாம். திரும்பிப் பாத்துச் சொல்றதுக்கு ஒரு ஆளு இருந்தாத் தேவலைங்கறா. பதினொண்ணாம் வருஷத்துக் கதைய அத்தனை வாட்டி சொன்னனே, அதுல எறக்கி உட்ட ஆளப் பத்தி அந்தக் கண்ணாடிக்காரன் அப்பறம் யோசிச்சானான்னு கேக்கறா.

இருங்க சார், ஏறிக்கறேன். கதவு எங்க? கதவே இல்லியா. சரி, காலத் தூக்கிப் போடறேன். வேட்டி மாட்டிக்குது, இருங்க. ம். உக்காந்தாச்சு.

பாத்துட்டேன் அம்முணி. பின்னால ஆரும் வர்ல. என்ற வண்டி ஒண்ணுதான் நிக்குது, ரெண்டு கண்ணையும் முழிச்சு நம்மளையே பாத்துக்கிட்டு. நீ போ.